மணப்பாடு: இரண்டு நாள் தங்கலாமா, அரை நாள் போதுமா?

ஈரோட்டுப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு காரில் தெற்கே வருகிறோம். அம்மாவுக்குத் திருச்செந்தூர் தரிசனம். அதில் பேச்சுக்கே இடமில்லை. அது போக இரண்டு நாளை எங்களுக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறேன். கூட்டமில்லாத கடற்கரை வேண்டும். பலூன் சுடுதல், குதிரைச் சவாரி, பஞ்சுமிட்டாய் எதுவும் வேண்டாம்.

மணப்பாடு என்ற ஊரின் படம் ஒன்றைப் பார்த்ததிலிருந்து மனைவி அதையே பேசிக்கொண்டிருக்கிறார். மணற்குன்றின் மேல் தேவாலயம், கீழே படகுகள், அதற்கப்பால் ஆளே இல்லாத கரை. இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஊர் போலிருக்கிறது. ஊருக்குள்ளேயே தங்க இடம் கிடைக்குமா? பிள்ளைகள் (ஒன்பது, பன்னிரண்டு வயது) கடலில் இறங்கலாமா? நல்ல மீன் சாப்பாடு எங்கே? அம்மாவுக்கு முழங்கால் வலி, குன்றில் ஏற முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூர்வாசி:

வாருங்கள். திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி போகும் கடற்கரைச் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். குலசேகரன்பட்டினம் தாண்டியதும் இடது பக்கம் பிரிய வேண்டும். அரை நாள் போதும் என்பது என் கருத்து. காலையில் போய்க் குன்றையும் குகையையும் பார்த்துவிட்டு, உப்பங்கழியோரம் கொஞ்சம் நடந்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். பெரிய விடுதி எதுவும் அங்கே இல்லை. திருச்செந்தூரில் அறை எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது.

குன்று ஒன்றும் மலையில்லை. வாகனம் தேவாலயத்துக்கு அருகில் வரை போகும். அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. குகைக்கு மட்டும் கடல் பக்கமாக இறங்க வேண்டும். முழங்கால் வலி என்றால் மேலேயே உட்கார்ந்து காற்று வாங்கட்டும்.

ஆனால் காலாண்டு விடுமுறை என்கிறீர்களே, தேதியைப் பார்த்தீர்களா? அது குலசேகரன்பட்டினத்துத் தசரா; குலசைத் தசரா என்போம்.

ஈரோட்டுப் பயணி:

தசரா என்றால் மைசூர்தானே? இங்கேயுமா?

உடன்குடிக்காரி:

அண்ணா, குலசை முத்தாரம்மன் கோவில் தசராவைக் கேள்விப்பட்டதில்லையா! பத்து நாளும் பக்தர்கள் விரதமிருந்து வேடம் கட்டுவார்கள். காளி, குரங்கு, குறவன், போலீஸ், ராஜா என்று எந்த வேடமும் வரும். ஊர் ஊராகத் தசராக் குழு போட்டு, மேளத்தோடு வீடு வீடாகக் காணிக்கை எடுப்பார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். அன்று எங்கள் உடன்குடிச் சாலையில் ஒரு சைக்கிளைக்கூட உருட்ட முடியாது. வருகிற கூட்டத்தை லட்சக் கணக்கில்தான் சொல்வார்கள்.

அதை வந்து பார்ப்பது வேறு. அது ஒரு தனி உலகம், கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆனால் அமைதி தேடி வருகிறவர் அந்தப் பத்து நாளில் குலசையைக் கடந்து மணப்பாட்டுக்குப் போகிறேன் என்றால், கல்யாண வீட்டில் தூங்க இடம் கேட்கிற கதை.

மணல்மேடு:

மணப்பாடுதான் என் சொந்த ஊர். இப்போது வேலை தூத்துக்குடியில், வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போகிறேன். முதல் கேள்வியிலேயே ஒரு வரி உறுத்துகிறது: "இன்னும் யாரும் கண்டுபிடிக்காத ஊர்."

போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், ஐயா. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். 1544 பிப்ரவரியில் தம் துணைவர் மன்சிலாசுக்கு எங்கள் ஊரிலிருந்து அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதற்கு முன்பே நாங்கள் இங்கேதான் இருந்தோம். முத்துக் குளித்தோம், சங்கு எடுத்தோம், மீன் பிடித்தோம். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று பரதவரின் ஏழு கடற்துறைகளைச் சொல்வார்கள். அந்த ஏழில் ஒன்று ஆளில்லாத கரையாக இருக்குமா? படம் எடுத்தவர் நண்பகலில் எடுத்திருப்பார். அந்த நேரத்தில் ஊர் தூங்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பயணத் திட்டமே இதைப் பொறுத்தது. பின்னிரவில், நீங்கள் புரண்டு படுக்கும் நேரத்தில், எங்கள் ஆட்கள் கடலில் இறங்கிவிடுவார்கள். முற்பகலில் கரையேறுவார்கள். வலையிலிருந்து மீனைக் கழித்து, கூறு கட்டி, ஏலம் போட்டு, ஐஸ் பெட்டி ஏற்றி வண்டியை அனுப்பிவிட்டு, கஞ்சியோ சோறோ சாப்பிட்டுப் படுப்பார்கள். வெளியிலிருந்து பதினொரு மணிக்கு மேல் காரில் வந்து இறங்குகிறவர்கள் "அடடா, என்ன அமைதி!" என்கிறார்கள். இரவு முழுக்க உழைத்தவன் உறங்கும் அமைதி அது. அந்த நேரத்தில் தெருவில் பாட்டுப் போட்டுக்கொண்டு கார் ஓட்டாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

ஊர் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமானால், காலை ஏழு மணிக்கு முன் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். வலை இழுப்பவர் காலில் மிதிபடாமல், ஏலம் நடக்கும் இடத்தில் குறுக்கே நிற்காமல், ஓரமாக நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் பதிலும் சொல்வார்கள். அதற்கு அரை நாள் போதாது. முதல் நாள் மாலை வந்து, மறுநாள் விடியலில் கரையில் நிற்க வேண்டும். ஆகவே செந்தூர்வாசி அண்ணாச்சியோடு நான் ஒத்துப்போகவில்லை.

செந்தூர்வாசி:

அண்ணாச்சி, நான் சொன்னது குடும்பத்தோடு வருகிறவருக்கு. பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்பி ஏலம் காட்ட வேண்டும் என்றால் அவர்கள் வீட்டில் ஏலம் நடக்கும்.

அலைச்சறுக்கு:

கடலில் இறங்கலாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அலைச் சறுக்குக்காகப் பல வருடமாக மணப்பாட்டுக்கு வந்து போகிறேன். அந்தக் குன்று கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருப்பதால் தெற்கிலிருந்து வரும் அலை அதில் பட்டு, ஒரே சீராக உருண்டு, நீளமாக உடைகிறது. தமிழ்நாட்டில் இப்படி அலை விழும் இடங்கள் மிகக் குறைவு. சறுக்குகிறவர்களுக்கு இது சொர்க்கம். நீச்சல் தெரியாத ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதே இடம் ஆபத்து.

மூக்குப் பகுதியில் பாறையும் இருக்கிறது, இழுவையும் இருக்கிறது. மேலே பார்க்கத் தண்ணீர் அமைதியாகத் தெரியும். அடியில் நீவாடு, அதாவது நீரோட்டம், வேறு திசையில் போகும். குன்றின் மறுபுறம், படகுகள் நிற்கும் பக்கம், நீர் அடங்கியிருக்கும். அங்கேயும் முழங்கால் அளவோடு நின்றுகொள்ளட்டும். எங்கே இறங்கலாம் என்று கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் யாரையாவது கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சு பேசாதீர்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

காற்றையும் சொல்ல வேண்டும். வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்கிற மேல்காற்று. சறுக்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம், மற்றவர்கள் வாயைத் திறந்தால் மணல்.

உடன்குடிக்காரி:

மணல் என்றதும் நினைவுக்கு வருகிறது. வழியில் குதிரைமொழித் தேரியைப் பார்க்காமல் போகாதீர்கள். செக்கச்செவேல் என்று செம்மணல் மேடு மேடாகக் கிடக்கும், நடுநடுவே பனை. ஆடிக் காற்றில் மேடுகள் இடம் மாறும் என்பார்கள். ஒரே மாவட்டத்தில் சில கிலோமீட்டர் இடைவெளியில் வெள்ளை மணல் கடற்கரையும் இந்தச் சிவப்பு மணலும்! பிள்ளைகளுக்குக் கடலைவிட இது பிடித்துப்போகும்.

அப்படியே எங்கள் ஊரில் கருப்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு வந்த பிறகும் சர்க்கரை கலந்த கருப்பட்டி விற்கத்தான் விற்கிறார்கள். உடைத்துப் பாருங்கள்: உள்ளே பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னினால் வேண்டாம் என்பாள் என் ஆச்சி.

வரலாற்றுப்புழு:

குன்றின் மேலுள்ள தேவாலயத்தைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை. அது திருச்சிலுவை ஆலயம், 1581இல் கட்டப்பட்டது. அதற்கு முன்னோடியாக ஊர் மரபு ஒன்றைச் சொல்வார்கள். 1540 வாக்கில் போர்த்துக்கீசிய வணிகக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்து தத்தளித்ததாம். கரை சேர்ந்தால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நடுவேன் என்று தலைவன் நேர்ந்துகொண்டானாம். கப்பல் ஒதுங்கிய இடம் மணப்பாடு. குன்றின் மேல் அவன் நட்ட சிலுவையைச் சுற்றித்தான் பிறகு ஆலயம் எழுந்தது என்பது நம்பிக்கை. இயேசுவின் மெய்யான சிலுவையின் சிறு துண்டு இங்கே போற்றி வைக்கப்பட்டிருக்கிறது. செப்டம்பர் 14 பெருவிழா. நெல்லை, தூத்துக்குடி, குமரி, கேரளம் என எல்லாப் பக்கமிருந்தும் திருப்பயணிகள் வருவார்கள்.

ஊருக்குள் பரிசுத்த ஆவி ஆலயமும் யாகப்பர் ஆலயமும் இருக்கின்றன. சிறிய ஊருக்கு இத்தனை பெரிய கோபுரங்களா என்று வியப்பாக இருக்கும். சிலர் "சின்ன எருசலேம்" என்றுகூட அழைக்கிறார்கள்.

குன்றே ஒரு சுவாரசியம். காற்று குவித்த கடல் மணல், சிப்பிச் சுண்ணாம்பால் இறுகிக் கல்லாகிப் போனது. அதனால்தான் அலை இத்தனை காலம் மோதியும் நிற்கிறது. அதனால்தான் அதில் குகையும் உண்டாயிற்று. சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்லப்படும் குகை அதுதான். உள்ளே கிணறு இருக்கிறது. கடலுக்கு அத்தனை அருகில் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடிகிறது என்பது வருகிறவர்களுக்கெல்லாம் வியப்பு.

சிவனடியான்:

அந்தக் குகை முதலில் சைவத் துறவி ஒருவருடையது. அதை யாரும் சொல்வதில்லை. மறைத்துவிட்டார்கள்.

வரலாற்றுப்புழு:

மறைக்கவில்லை. குகையில் பதித்திருக்கும் பலகையே அதைச் சொல்கிறது: சைவ சந்நியாசி ஒருவரின் உறைவிடமாக இருந்த இக்குகை, சவேரியாரின் ஜெபத்தாலும் தவத்தாலும் புனிதமாயிற்று என்ற பொருளில். எழுதி வைத்தவர்கள் எந்தப் பக்கம் நின்று எழுதினார்கள் என்பது தெளிவாகவே தெரிகிறது; "புனிதமாயிற்று" என்ற இடத்தில் உங்களுக்குச் சுருக்கென்று பட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் மறைத்ததாகச் சொல்ல முடியாது. முன்னே இருந்தவரின் சமயத்தைக் கல்லில் குறிப்பிட்டு வைத்திருக்கும் வழிபாட்டிடங்கள் நம் நாட்டில் எத்தனை இருக்கின்றன?

சிவனடியான்:

அப்படியென்றால் சவேரியார் அந்தத் துறவியை…

நெறியாளர்:

இந்த இழை பயணம் பற்றியது. மத விவாதத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே தொடருங்கள். இதற்குப் பின் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை:

வணக்கம். கொழும்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பப்பாவின் ஊர் மணப்பாடு. ஆகவே இந்த உரையாடலைப் பார்த்ததும் கதைக்காமல் இருக்க முடியவில்லை.

மணப்பாட்டில் நடக்கும்போது மீன்பிடிக் கிராமத்துக்குச் சற்றும் பொருந்தாத பெரிய பெரிய வீடுகளைப் பார்ப்பீர்கள். உயரத் தூண்கள், வளைவு முகப்பு, மாடியில் மரச் சட்டம் போட்ட யன்னல்கள். அவற்றில் பல கொழும்புப் பணத்தில் எழுந்தவை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தோணி ஓடிய காலத்தில் எங்கள் ஆட்கள் இங்கே புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார்கள். துணி, தானியம், மாசிக் கருவாடு என்று பல வியாபாரம். பிள்ளைகள் இங்கே படிப்பார்கள். கல்யாணமும் திருவிழாவும் அங்கே. பிறகு குடியுரிமைச் சட்டங்கள், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. சிலர் கடையை மூடிவிட்டு அங்கே போனார்கள், எங்களைப் போன்றவர்கள் இங்கேயே தங்கிவிட்டோம். இலங்கையில் பரதர் என்று ஓர் இனம் 2001 குடிசன மதிப்பீட்டிலிருந்து தனியாகப் பதியப்படுகிறது. எண்ணிக்கையில் மிகச் சிறியவர்கள். நீர்கொழும்புப் பக்கம் உள்ளவர்களில் பலர் இப்போது வீட்டில் சிங்களம்தான் பேசுகிறார்கள்.

அந்தப் பெரிய வீடுகளில் சில பூட்டிக் கிடக்கும். பூட்டியிருந்தாலும் அவை கைவிடப்பட்டவை அல்ல. பேரன் பேத்திகள் நாலு நாட்டில் இருப்பார்கள், பத்திரம் ஒரு பெட்டியில் இருக்கும், பங்கு பிரிக்க மனம் வராமல் இருக்கும். தயவுசெய்து மதில் ஏறிக் குதித்து "பாழடைந்த மாளிகை" என்று படம் போட்டுவிடாதீர்கள். எங்கள் மாமி வீட்டு முற்றத்தை அப்படி ஒரு காணொளியில் பேய் வீடாகப் பார்த்தோம். மாமி மூன்று நாள் சாப்பிடவில்லை.

மணல்மேடு:

அக்காவோ அண்ணையோ, வாருங்கள்! சரியாகச் சொன்னீர்கள். பேய் வீட்டுக் காணொளி எடுத்தவர்கள் இரண்டு குழு. இரண்டாவது குழுவை ஊர் இளைஞர்கள் பிடித்து, அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, வீட்டின் கதை முழுவதையும் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காணொளி வெளிவரவே இல்லை.

கொட்டாஞ்சேனை:

அக்காதான். அந்தத் தேநீருக்கு நன்றி சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள் தம்பி.

ஈரோட்டுப் பயணி:

இவ்வளவு தகவல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. "கண்டுபிடிக்காத ஊர்" என்பதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

சரி, காலாண்டு விடுமுறை வேண்டாம். அரையாண்டு விடுமுறையில் வரலாமா? டிசம்பர் கடைசி வாரம்?

செந்தூர்வாசி:

வரலாம், ஆனால் வானிலை பார்த்து. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாங்கள் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருடத்தில் பெய்ய வேண்டியது ஒரு ராத்திரியில் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, பயணிகள் நூற்றுக்கணக்கில் வெள்ளத்தின் நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு டிசம்பரும் அப்படி இருக்காது. இருந்தாலும் வாடைக் காலத்தில் கடலும் வானமும் யார் பேச்சையும் கேட்காது.

தவிர, அந்த வாரம் முழுக்க ஐயப்ப பக்தர்கள் கூட்டம். சபரிமலைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் முருகனையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அறை வாடகை இரண்டு மடங்கு கேட்பார்கள்.

ஈரோட்டுப் பயணி:

பொங்கல்?

செந்தூர்வாசி:

பாதயாத்திரை. தைப்பூசம் முடியும் வரை சாலை முழுக்கப் பச்சை வேட்டி.

ஈரோட்டுப் பயணி:

மே மாதம்?

உடன்குடிக்காரி:

வெயிலுக்கு நீங்கள் கருவாடு ஆகிவிடுவீர்கள்.

மணல்மேடு:

மே மாதம் மீன்பிடித் தடைக்காலமும்கூட. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் முட்டையிடும் பருவம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எங்கள் ஊரில் ஓடுவது பெரும்பாலும் ஃபைபர் படகும் வள்ளமும்; நாட்டுப் படகுக்குத் தடை கிடையாது. ஆகவே கரை ஓய்ந்து கிடக்காது. ஆனால் தூத்துக்குடி விசைப்படகு நிற்கும்போது எங்கள் மீனுக்குக் கிராக்கி ஏறும். வாங்க வருகிற வண்டிகள் கரையிலேயே காத்துக் கிடக்கும். சுற்றுலா வந்தவர் நல்ல சீலா மீனுக்கு விலை கேட்டால் தலை சுற்றும்.

எனக்குப் பிடித்த காலம் தை கடைசி முதல் பங்குனி முதல் பாதி வரை. மழை ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது. காலையில் கரையில் குளிர்கூட இருக்கும். பிப்ரவரியில் ஒரு வெள்ளி, சனி பார்த்து வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் படகுத்துறையை நம்பி வராதீர்கள். கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. காலைப் பூசைக்கு ஊரே நல்ல உடுப்பில் போகும். மாலையில் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள். அதைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிறும் நன்றாகத்தான் இருக்கும். ஏலமும் மீனும் இருக்காது.

ஈரோட்டுப் பயணி:

அப்படியானால் சாப்பாடு? ஊருக்குள் ஓட்டல் உண்டா?

மணல்மேடு:

டீக்கடை உண்டு, பரோட்டாக் கடை உண்டு. வாழையிலையில் ஏழு வகை மீன் வைத்துப் பரிமாறும் கடை கிடையாது. கடற்கரைக்காரன் மீன் சாப்பிடுவது வீட்டில். வெளியே விற்க வேண்டிய தேவை எங்களுக்கு இதுவரை வரவில்லை. வருகிறவர் கூட்டம் கூடினால் ஒருநாள் வந்துவிடும். அந்த நாளை நினைத்தால் எனக்கு இரண்டு மனசு. ஊர்ப் பெண்களுக்கு வருமானம் வரும் என்று ஒரு மனம் சொல்கிறது. எத்தனையோ கடலோர ஊர்களில் கரையை ஓட்டல்காரன் பிடித்துக்கொண்டு, வலை உலர்த்த இடமில்லாமல் போனதையும் பார்த்துவிட்டேன்.

இப்போதைக்கு வழி இதுதான். கரையில் கூறு மீன் வாங்குங்கள். விளமீன், பாறை, ஊழி, சாளை, அன்றைக்கு எது படுகிறதோ அது. முதல் தடவை வருகிறவர் சாளை வாங்குங்கள். விலை குறைவு, ருசி குறைவில்லை. முந்திய நாளே ஊரில் யாரிடமாவது சொல்லிவைத்தால் சமைத்துத் தரும் வீடுகள் உண்டு. பணம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவர்கள் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்களாக நியாயமாகக் கொடுங்கள். புளியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த எங்கள் குழம்பு கொங்கு நாட்டுக்காரருக்குப் புதிதாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை:

மாசிச் சம்பல் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இங்கிருந்து போனதா, அங்கிருந்து வந்ததா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை.

உடன்குடிக்காரி:

வாங்கிப் போக இன்னொன்று: மணப்பாட்டில் பனை ஓலைப் பொருட்கள் செய்யும் மகளிர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஓலைப் பெட்டி, கூடை, தொப்பி எல்லாம் கைநேர்த்தியாக இருக்கும். பிளாஸ்டிக் சங்கு மாலை வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

அலைச்சறுக்கு:

எல்லாம் சரி, இந்த அமைதி இன்னும் எத்தனை நாள்? பக்கத்தில் கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் நிலையம், 660 மெகாவாட் அலகு இரண்டு. நிலக்கரி இறக்கக் கடலுக்குள் நீண்டு போகும் பாலம் கரையிலிருந்தே தெரிகிறது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். கேட்டால் வளர்ச்சி என்பார்கள். வருத்தமாக இருக்கிறது. பார்ப்பதாக இருந்தால் இப்போதே வந்து பார்த்துவிடுங்கள்.

செந்தூர்வாசி:

ஏவுதளம் வருவதில் எனக்குப் பெருமைதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கை மேல் போகாமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் வீணாகிறது. குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். சிறிய செயற்கைக்கோள்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? எங்கள் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடாமல் இங்கேயே வேலை பார்த்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்? அலையில் சறுக்க வருகிறவருக்காக ஊர் அப்படியே இருக்க வேண்டுமா?

அலைச்சறுக்கு:

நான் அப்படிச் சொல்லவில்லை.

மணல்மேடு:

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஏவுதளத்தை ஊரில் வெறுப்பவர்களும் குறைவு, கொண்டாடுபவர்களும் குறைவு. கேட்பதெல்லாம் ஒரே கேள்வி: ஏவுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று சொல்வார்கள், அன்றைய கூலிக்கு யார் பொறுப்பு? மாதம் ஒருநாள் என்றால் சமாளிக்கலாம், வாரம் ஒருநாள் என்றால் என்ன செய்வது? அமைதி போய்விடுமே என்று எங்கள் ஊரில் யாரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. படகு எஞ்சின் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அலைச்சறுக்குத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. கரையில் குப்பை பொறுக்குகிற சில வெளியூர்க்காரர்களில் அவர் கூட்டாளிகளும் உண்டு, பார்த்திருக்கிறேன். ஆனால் "இப்போதே வந்து பார்த்துவிடுங்கள்" என்பது சாகக் கிடப்பவரைப் பார்க்க ஆள் கூப்பிடுவது போலிருக்கிறது. ஊர் சாகவில்லை.

வரலாற்றுப்புழு:

குலசேகரன்பட்டினமும் எப்போதும் தூங்கிக்கொண்டிருந்த ஊர் இல்லை என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். பழைய துறைமுகம், உப்பளம், சர்க்கரை ஆலை எல்லாம் இருந்தன. ஆலைக்காரர்களே திருச்செந்தூரிலிருந்து திசையன்விளை வரை சிறு ரயில் ஓட்டினார்கள், 1940 வரை. 1942இல் உப்பளத்தில் லோன் என்ற ஆங்கில அதிகாரி கொல்லப்பட்ட வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் குறைக்கப்பட்டது. போகிற வழியில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஈரோட்டுப் பயணி:

இப்படி முடிவு செய்திருக்கிறோம். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை திருச்செந்தூர் வந்து இரவே தரிசனம். வெள்ளி மாலை மணப்பாடு: குன்று, ஆலயம், குகை. அம்மா மேலேயே இருப்பார். அறை திருச்செந்தூரில்தான், ஆகவே அன்று இரவு திரும்பிவிடுவோம். சனி விடியலில் நானும் பெரியவளும் மட்டும் படகுத்துறைக்கு வருகிறோம். மற்றவர்கள் தூங்கட்டும், அவர்களைப் பத்து மணிக்குப் போய் அழைத்துக்கொண்டு தேரிக்கும் உடன்குடிக்கும் போகிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளி வெள்ளிக்கிழமை போகும். அதற்கு நான் பொறுப்பு.

அண்ணாச்சி, ஒரே ஒரு சந்தேகம். மகள் படம் எடுப்பாள். ஏலத்தைப் படம் எடுக்கலாமா?

மணல்மேடு:

எடுக்கலாம், கேட்டுவிட்டு. ஆட்களின் முகத்தைவிட மீனை எடுத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வெறுங்கையோடு கரையேறும் படகை மட்டும் எடுக்க வேண்டாம். டீசல் காசும் தேறாமல் வருகிறவன் முன்னால் கேமரா நீட்டினால் அவன் கோபப்படுவது நியாயம்தானே. டிரோன் கொண்டுவர வேண்டாம். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை பற்றி யாரிடமும் பேச்செடுக்காதீர்கள். பேச்சு தொடங்கினால் நீங்கள் மதியம் வரை ஊர் திரும்ப முடியாது.

புறப்படும் முன் இங்கே ஒரு வரி போடுங்கள். நான் ஊரில் இருந்தால் சனிக்கிழமை காலை துறையில் நிற்பேன்.

செந்தூர்வாசி:

வியாழன் இரவு தரிசனம் என்றால் கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள். இரவில் நடை சாத்துவதற்கு முன்பே வரிசையை நிறுத்திவிடுவார்கள். ஏழு மணிக்குள் கோவிலுக்குள் இருங்கள், அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் வரிசை உண்டா என்று வாசலிலேயே விசாரியுங்கள். காரை நாழிக்கிணறு பக்கம் கொண்டுபோகாமல் ஊருக்கு வெளியே நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ஆட்டோவில் வாருங்கள்.

ஈரோட்டுப் பயணி:

ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள்?

செந்தூர்வாசி:

கேட்பதில் பாதி கொடுங்கள். அதுவே அதிகம்.